பாதை வந்தால் நிலம் நிலைக்குமா?

(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



ஓர் ஊருக்குப் புதுசாகப் பாதை வருகிறது என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகலாம். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் அதே பாதையில் இன்னொருத்தரும் வருவார். அவர் நிலம் வாங்க வருகிறவர். நேற்று வரை யாரும் கேட்காத மேட்டு நிலத்துக்கு இன்று விலை சொல்வார். அப்போது ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? விற்றவர் கதி என்ன, விற்காமல் வைத்திருந்தவர் நிலை என்ன? இந்தோனேசியா நாட்டில் ஒரு மலைப்பகுதியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போமா?

இந்தோனேசியா 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள நாடு. ஜாவா, சுமத்ரா, பாலி என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாலிக்குக் கிழக்கே லொம்போக், சும்பாவா என்ற தீவுகளையும் தாண்டிப் போனால் புளோரஸ் தீவு வரும். ஒரு காலத்தில் போர்த்துகீசியர் வைத்த பெயர் இது. பூக்கள் என்று அர்த்தம். தீவு சுமார் 350 கிலோமீட்டர் நீளம்; அகலம் ரொம்பக் குறைவு. நடு முதுகில் எரிமலைகளும் மலைத்தொடர்களும். மேற்குப் பகுதிக்கு மங்காராய் என்று பெயர். அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் முன்னோர் வழிபாட்டையும் ஊர் வழக்கத்தையும் விட்டுவிடவில்லை.

நவம்பர், டிசம்பரில் மழை பிடித்தால் மார்ச், ஏப்ரல் வரை பெய்யும். மீதி மாதங்கள் வறட்சி. நெல், மக்காச்சோளம், மரவள்ளி, சேம்பு எல்லாம் சாப்பாட்டுக்கு. காப்பி, கிராம்பு, கொக்கோ, வனிலா போன்றவை காசுக்கு.

எப்படிப் போவது?

தீவின் மேற்கு முனையில் லபுவான் பாஜோ என்ற துறைமுக ஊர் இருக்கிறது. விமான நிலையமும் உண்டு. அங்கிருந்து மலைமேல் இருக்கிற ரூத்தெங் பட்டணத்துக்குச் சுமார் 130 கிலோமீட்டர். தூரம் கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரே வளைவும் நெளிவுமாக இருப்பதால் 4 மணி நேரம் ஆகிவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் இன்னும் தாமதம்.

ரூத்தெங்குக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு, லாரியின் பின்பக்கத்தில் மரப்பலகை அடித்து ஆட்களை ஏற்றுகிற வண்டி போகும். மரவண்டி என்ற பொருளில் 'ஓத்தோ காயு' என்பார்கள். அதிலேயே மனுஷர்கள், அரிசி மூட்டை, காப்பி மூட்டை, கோழி, பன்றி எல்லாம் ஏறும். வண்டியும் போகாத இடத்துக்கு 'ஓஜெக்' என்கிற வாடகை மோட்டார் சைக்கிள். அதுவும் போகாத இடத்துக்குக் கால்தான்.

அப்படிக் காலால் போக வேண்டிய ஊர் வாயே ரெபோ. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், நாலு பக்கமும் காடும் மலையும் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் இருக்கிறது. 'வாயே' என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். கீழே தெங்கே என்ற கிராமத்துப் பக்கத்தில் வண்டியை விட்டு இறங்கினால், காட்டு வழியே 2, 3 மணி நேரம் ஏற வேண்டும். மழை பெய்தால் அட்டை காலைப் பிடிக்கும். அங்கே விளைகிற காப்பிக்கொட்டை மனிதர் தோளில்தான் கீழே இறங்குகிறது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் மேலே ஏறுவதும் அப்படித்தான். சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தச் சுமைகூலி மட்டும் குறைவதில்லை. பாதைக்கு அவர்கள் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

2014-ல் இந்தோனேசியாவில் கிராமச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி 2015 முதல் மத்திய அரசுப் பணம் ஒரு பங்கு நேராகக் கிராமங்களுக்கே போகிறது. பல மலைக் கிராமங்கள் அந்தப் பணத்தில் நடைபாதை, சிறு பாலம், குடிநீர்க் குழாய், மண் சரியாமல் தாங்கு சுவர் என்று கட்டிக்கொள்கின்றன. பாதை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

வீடே களஞ்சியம்

வாயே ரெபோவில் முற்றத்தைச் சுற்றிக் கூம்பு வடிவத்தில் ஏழு பெரிய வீடுகள். கூரை தரை வரைக்கும் இறங்கியிருக்கும். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும். உள்ளே ஐந்து அடுக்கு. கீழ் அடுக்கில் ஆட்கள் குடியிருப்பு. இரண்டாவதில் தானியமும் சாமான்களும். மூன்றாவது அடுக்கு முழுக்க விதைக்கு. நான்காவது அடுக்கு, விளையாத வருஷத்துக்கு என்று எடுத்துவைக்கிற தானியத்துக்கு. உச்சி அடுக்கு முன்னோர்களுக்குப் படையல் வைக்க. அடுப்பு வீட்டுக்குள்ளேயே எரிகிறது. புகை மேலே ஏறி விதைக்குப் பூச்சி வராமல் காக்கிறது. கூரைக்கும் ஆயுள் கூடுகிறது. வீடு கட்டும்போதே விதைக்கும் பஞ்சத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

ஆனால் 2008-ல் இந்த ஏழில் நாலு வீடுதான் மிச்சம். மரமும் கூரையும் புதுப்பிக்கப் பணம் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காக ஒரு பகுதிக் குடும்பங்கள் கீழே கொம்போ என்ற இடத்தில் குடியேறிவிட்டன. வீடு கட்டும் வித்தை தெரிந்தவர்களும் வயதானவர்களாகிவிட்டார்கள். அந்தச் சமயம் ஜக்கார்த்தாவிலிருந்து யோரி அந்தார் என்ற கட்டடக் கலைஞர் தன் கூட்டாளிகளோடு வந்தார். வெளியிலிருந்து உதவிப் பணம் திரட்டப்பட்டது. வேலையை மட்டும் ஊர்க்காரர்களே செய்தார்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். 2011-க்குள் ஏழு வீடும் எழுந்து நின்றன. 2012-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்புக்கான முதல் விருது இந்த ஊருக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள்.

விரலால் அளந்த வயல்

இனி நிலத்துக்கு வருவோம். மங்காராய்க்காரர்களின் பழைய நில வழக்கம் வேறெங்கும் சுலபத்தில் காண முடியாதது. ஊருக்கு ஒரு தலைமை வீடு உண்டு. ஊரின் முரசுகள் அங்கேதான் தொங்கும். அந்த வீட்டோடு சேர்ந்ததுதான் ஊர் நிலம். வட்ட வட்டமான அந்த நிலத்துக்கு 'லிங்கோ' என்று பெயர். ஓர் ஊருக்குப் பல லிங்கோ இருக்கும்.

லிங்கோவின் நடுவில் ஒரு முளை அடிப்பார்கள். அந்த நடுவிடம் 'லோதோக்'. அங்கிருந்து நாலா பக்கமும் கோடு இழுத்து, வெளிவட்டம் வரைக்கும் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆப்பு வடிவத் துண்டு. மேலேயிருந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரியே இருக்கும். ரூத்தெங்குக்கு மேற்கே சான்சார் என்ற இடத்தில் இந்த வடிவத்தில் நெல் வயல்களை இப்போதும் குன்றின்மேல் ஏறிப் பார்க்கலாம்.

எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கையின் விரலால்! நடு முளைக்குப் பக்கத்தில், இன்ன குடும்பத்துக்கு இத்தனை விரல் என்று வைத்துப் பங்கு போடுவார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். முளையிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு விரல் அகலம், அதாவது 2 சென்டிமீட்டர் வைத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே கோடு 100 மீட்டர் போனால் அங்கே அகலம் 4 மீட்டர் ஆகிவிடும். நடுவில் ஒரு விரல் கூடினால் ஓரத்தில் பல அடி கூடும். அதனால்தான் பங்கு போடுகிறவர் நேர்மையானவராக இருக்க வேண்டும். அவருக்குத் 'தூஆ தேனோ' என்று பெயர். ஊர்த் தலைவர் வேறு, இவர் வேறு. இவர் நிலத்துக்குப் பெரியவர். புது லிங்கோ திறக்கும்போது பலி கொடுத்து, முன்னோரை வேண்டி, ஊரே பார்க்கப் பங்கு போடுவார். பார்த்த ஊரே சாட்சி. பத்திரம் எதுவும் கிடையாது.

இந்த முறையில் நன்மையும் உண்டு. நடுவிலிருந்து ஓரம் வரை எல்லோருடைய துண்டும் போகிறது. ஆகவே நல்ல மண் ஒருத்தருக்கு, கல்லுமண் ஒருத்தருக்கு என்று போவது குறையும். பன்றி, எருமை வராமல் வெளிவட்டத்துக்கு ஒரே வேலி போட்டால் எல்லோருக்கும் காவல்.

முன்பெல்லாம் ஒரு லிங்கோவில் சில வருஷம் மேட்டு நெல்லும் சோளமும் விதைப்பார்கள். மண் சளைத்ததும் அதைக் காடு பிடிக்க விட்டுவிட்டு அடுத்த லிங்கோவைத் திறப்பார்கள். நிலம் ஊருக்குச் சொந்தம். பயிர் குடும்பத்துக்குச் சொந்தம். இந்த ஏற்பாடு எப்போது மாறியது? காப்பியும் கிராம்பும் நட்டபோது மாறியது. சோளம் நாலு மாதத்தில் அறுத்துப் போகிற பயிர். காப்பிச்செடி பல வருஷம் நிற்கும். மரத்தை வைத்தவர் அந்தத் துண்டை விட்டுப் போவாரா? மாட்டார். நெல்லுக்கு வரப்பும் வாய்க்காலும் போட்டு நிலத்தைத் திருத்தினவரும் அப்படித்தான். இப்படிச் சத்தமில்லாமல் ஊர் நிலம் குடும்ப நிலம் ஆகிவிட்டது. வழக்கத்தில் ஊர் நிலம், அனுபவத்தில் தனி நிலம். இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் தகராறு முளைக்கிறது.

பெண்ணுக்குப் பங்கு

மங்காராயில் சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. மகனை 'உள் ஆள்' என்றும் மகளை 'வெளி ஆள்' என்றும் சொல்வது வழக்கம். மகள் கல்யாணமாகிப் போகிற வீட்டில் பிழைத்துக்கொள்வாள் என்பது கணக்கு. ஆனால் அதே தீவில், பக்கத்து ங்காதா பகுதியில், வீடும் குலமும் பெண் வழியாகப் போகிறது! ஆக, "இதுதான் உலக வழக்கம்" என்று சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் உள்ள பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் கவனித்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960 செப்டம்பர் 24-ல் இந்தோனேசியாவில் அடிப்படை நிலச் சட்டம் நிறைவேறியது. அந்த நாளை அங்கே உழவர் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் விவசாயிக்கு முக்கியமான சில விஷயங்கள்:

ஒன்று, முழுச் சொந்தம். இதற்கு 'ஹக் மிலிக்' என்று பெயர். விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், காலக்கெடு கிடையாது. ஆனால் இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான் இந்த உரிமை. வெளிநாட்டுக்காரருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது.

இரண்டு, அனுபவ உரிமை. 'ஹக் பகாய்' என்பார்கள். அங்கே முறைப்படி தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர் இதைப் பெறலாம். இது காலக்கெடு உள்ளது. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

மூன்று, ஊர்ச் சமூகத்தின் பழைய உரிமை. 'ஹக் உலாயத்' என்று பெயர். அந்தச் சமூகம் நிஜமாக இருக்கிறது, வழக்கமும் நடப்பில் இருக்கிறது என்றால் சட்டம் அதை ஒத்துக்கொள்கிறது. 2013-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: பழங்குடிச் சமூகத்தின் காடு, அரசுக் காடு ஆகாது என்று. ஆனால் அந்தச் சமூகத்தை உள்ளூர் நிர்வாகம் முதலில் அங்கீகரிக்க வேண்டும். தீர்ப்பு வந்தது ஒரு நாளில். அங்கீகாரம் வாங்க அலைவது பல வருஷம்.

நான்காவதாக ஒரு விதி. 1961-ல் வந்தது. விவசாய நிலத்துச் சொந்தக்காரர் அந்த நிலம் உள்ள வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும். எங்கோ பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு மலையிலே நிலம் வாங்கிப் போடக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல விதிதான். ஆனால் இதை மீறி, உள்ளூர்க்காரர் ஒருத்தர் பேரில் வாங்கி வைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுக்காரரும் இப்படி இரவல் பேரில் வாங்குவது உண்டு. பேர் கொடுத்தவர் செத்துப்போனால்? அல்லது மனம் மாறினால்? இரண்டு பக்கமும் நஷ்டம். பேர் கொடுத்த குடும்பம் கோர்ட்டுப் படியேறும்.

வரி ரசீது பத்திரம் ஆகாது

அந்தக் கிராமங்களில் பல குடும்பங்களிடம் இருப்பது நிலவரி கட்டின சீட்டு மட்டும்தான். "அம்பது வருஷமா நான்தான் கட்டறேன், நிலம் என்னுதுதான்" என்று நம்புவார்கள். வரிச்சீட்டு, அனுபவிக்கிறார் என்பதற்கு ஒரு அடையாளம். சொந்தம் என்பதற்குப் பத்திரம் ஆகாது. பத்திரம் தருவது அரசின் நிலப்பதிவு அலுவலகம். 2017 முதல் அரசு கிராமம் கிராமமாக வந்து எல்லா நிலத்தையும் ஒரே மூச்சில் அளந்து பத்திரம் கொடுக்கும் திட்டத்தை விரைவாக நடத்தியது. அளப்புச் செலவு அரசுடையது. எல்லைக் கல், முத்திரைத்தாள் போன்ற செலவு ஊர்க்காரருடையது.

பத்திரம் வந்தால் என்ன லாபம்? பாதை போடும்போது நிலம் எடுத்தால் நஷ்டஈடு கேட்கலாம். பாங்கியில் கடன் வாங்கலாம். எல்லைத் தகராறு வந்தால் காகிதம் பேசும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மூத்தவன் ஒருத்தன் பேரில் பத்திரம் எழுதிவிட்டால், வெளியூர் போயிருக்கிற தம்பியின் பங்கு என்ன ஆகும்? மங்காராய் மக்களில் பலர் மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கும் போர்னியோ பக்கமும் வேலைக்குப் போகிறார்கள். வருஷக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்போது நிலம் இருக்க வேண்டாமா? தவிர, காகிதம் கையில் இருந்தால் விற்பதும் சுலபம். முன்பு தூஆ தேனோவையும் ஊரையும் கேட்காமல் ஒரு துண்டும் கைமாறாது. இப்போது இரண்டு கையெழுத்தில் முடிந்துவிடும். ஊர் நிலத்தைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சமூகத்தின் பேரிலேயே பதிவு செய்யவும் அண்மை ஆண்டுகளில் விதிகள் வந்திருக்கின்றன.

விற்றவர்களும் விற்காதவர்களும்

லபுவான் பாஜோ ஒரு காலத்தில் சின்ன மீனவர் ஊர். பக்கத்துக் கொமோடோ தீவில் உள்ள ராட்சதப் பல்லிகளைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். விமான நிலையம் பெரிதானது. 2023 மே மாதம் ஆசியான் நாடுகளின் தலைவர்கள் மாநாடே அங்கே நடந்தது. கடற்கரை நிலத்துக்கு விலை மேலே மேலே ஏறியது. விலை ஏறுமுன் விற்றவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு பெரியவர்கள் உரிமை கொண்டாடி, ஒரே துண்டுக்கு இரண்டு பேர் பத்திரம் காட்டி, வழக்குகள் பெருகின. நிலம் பார்த்து வாய்வார்த்தையாகக் கொடுத்த காலத்து ஏற்பாட்டைக் காசு உள்ளே வந்ததும் கலைத்துவிட்டது.

வாயே ரெபோ வேறு வழியில் போகிறது. விருந்தாளி யார் வந்தாலும் முதலில் தலைமை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பெரியவர் முன்னோரிடம் சொல்லி வரவேற்பார். அதற்கு முன்னால் போட்டோகூட எடுக்கக் கூடாது. தங்கவும் சாப்பிடவும் ஊர் வைத்த ஒரே கட்டணம், பேரம் கிடையாது. பணம் பொதுவில் சேர்கிறது. சமைக்கிற வேலையைப் பெண்கள் முறை வைத்துச் செய்கிறார்கள். திரும்பிப் போகும்போது விருந்தாளி காப்பித்தூள் வாங்குவார். பெண்கள் நெய்த துணி வாங்குவார். நிலத்தில் ஒரு விரல்கூட வெளியே போகவில்லை. நிலத்தில் விளைந்ததும் வீட்டு உபசாரமும்தான் காசாகிறது. இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஆட்கள் அதிகம் வந்தால் குப்பை சேரும், தண்ணீர் போதாது, காப்பித் தோட்டத்து வேலை பின்தங்கும். ஆனால் அந்தத் தொல்லையைத் தீர்க்கும் அதிகாரம் ஊர்க்காரர் கையிலேயே இருக்கிறது. ஏனென்றால் நிலம் அவர்களுடையது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

விவசாயத் தோழர்களே, எங்கோ ஒரு தீவின் கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். பாதை வரும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, பாதை வருமுன்னே எல்லையை அளந்து, காகிதத்தைச் சரி செய்துகொள்ள வேண்டும். விலை ஏறினபிறகு அளக்கப் போனால், பக்கத்து நிலக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இரண்டாவது, பத்திரத்தில் யார் பேர் ஏறுகிறது என்று குடும்பம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளை, கட்டிக்கொடுத்த பெண், எல்லோருக்கும்தான்.

மூன்றாவது, யாருக்கும் இரவல் பேர் கொடுக்கக் கூடாது. இன்று கிடைக்கும் நாலு காசு நாளை வக்கீல் வீட்டுக்குப் போகும்.

நான்காவது, ஊர்ப் பொதுவில் இருக்கிற நிலம், தண்ணீர், காடு இவற்றின் கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் நினைவில் மட்டும் இருப்பது அவர்களோடு போய்விடும்.

ஐந்தாவது, விற்றுத்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடியில், குத்தகைக்கு விட முடியுமா, விளைச்சலை நல்ல விலைக்கு விற்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நிலத்தை விற்ற பணம் ஒரு தடவை வரும். நிலம் வருஷா வருஷம் கொடுக்கும்.

மலைமேல் விரலால் அளந்து பங்கு போட்டவர்கள் படிப்பறிவு இல்லாத காலத்து மனிதர்கள்தான். ஆனாலும் ஒரு விரல் பிசகினால் ஓரத்தில் எத்தனை அடி போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போடும்போது நாமும் அதை நினைவில் வைப்போம்.